வைசாலியின் வீழ்ச்சியும் வருணனின் விரதமும்

பகவான் வர்த்தமான மகாவீரரின் வரலாறு நம் ஜினாலயங்களில் எடுத்துரைக்கப்படும் ஒவ்வொரு முறையும், குண்டபுரத்துப் பிறப்பும், முப்பதாம் வயதில் துறவும், பன்னிரண்டு ஆண்டுத் தவமும், கேவலஞானமும், பாவாபுரி நிர்வாணமும் வரிசையாக வந்து நிற்கும். கேட்போர் உள்ளம் நிறையும். ஆயினும் ஒரு வினாவை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அப்பெருமானின் அன்னை பிறந்த வீடாகிய வைசாலி மாநகர் பின்னர் என்னவாயிற்று?

அந்நகரம் வீழ்ந்தது. பெரும்படை ஒன்று அதனைச் சூழ்ந்து நின்று, அழித்து, அதன் மண்ணை ஏர் பூட்டி உழுதது என்று நூல்கள் கூறுகின்றன. அப்படையை நடத்தி வந்தவன் புறச்சமயத்தவனும் அல்லன். பகவானின் சமவசரணத்திற்கு வந்து பணிந்தவன், உறவு முறையில் அவருக்குத் தம்பி. திருவிழா மலரில் படிப்பதற்கு இனிய செய்தி அன்று இது. எனினும் நம் இல்லறத்தார் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு இவ்வரலாற்றினுள் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுவதால், இதனை எழுதத் துணிந்தேன்.

வைசாலி, கங்கைக்கு வடக்கே, இன்றைய பீகார் மாநிலத்தில் உள்ளது. 'பசாட்' என்னும் சிற்றூரை ஒட்டிய மேட்டினை ஊரார் 'விசால மன்னன் கோட்டை' என்று அழைத்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்காம் இவ்விடமே பண்டை வைசாலி என்று அடையாளம் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் குப்தர் காலத்து முத்திரைகள் பல கிடைத்தன. மகாவீரர் காலத்தில் இது லிச்சவியர் தலைநகர். வஜ்ஜி நாட்டுக் கூட்டமைப்பின் தலைமைப் பதி. முடியாட்சி நாடுகளுக்கு நடுவே இங்குக் குடித்தலைவர் பலர் அவை கூடி ஆட்சி நடத்தினர். அவ்வாறு அரசர் எனத் தகுதி பெற்றவர் 7,707 பேர் என்று பௌத்த சாதகக் கதை ஒன்று கூறும். நகரைச் சுற்றி மூன்று மதில்கள் இருந்தன என்றும் அம்மரபு சொல்லும்.

இவ்வவைக்குத் தலைவராக விளங்கியவர் சேடக மன்னர். நம் மரபினர் போற்றும் குணபத்திர ஆசாரியரின் உத்தரபுராணத்தின்படி, சேடகருக்கும் சுபத்திரைக்கும் பிறந்த பெண்மக்கள் எழுவர். மூத்தவள் பிரியகாரிணி, அவளே பகவானின் அன்னை. இளையவர்களுள் சேலினி மகத நாட்டுச் சிரேணிக மன்னனை மணந்தாள். கடைக்குட்டியான சந்தனையே பகவானின் ஆரியாங்கனை சங்கத்திற்குத் தலைவியானவள். சுவேதாம்பர மரபு, பகவானின் அன்னை திரிசலையைச் சேடகரின் உடன்பிறந்தாள் என்று கூறும். பாட்டனாரோ தாய்மாமனோ, சேடகர் பகவானின் அன்னை வழி உறவினர் என்பதில் இரு மரபுக்கும் வேறுபாடு இல்லை. நம் மணிப்பிரவாள ஸ்ரீபுராணம் படித்தோர்க்கு இவ்வுறவுகள் பழகியவையே. ஆனால் போரின் விரிவான செய்திகள் சுவேதாம்பர ஆகமங்களாகிய பகவதி சூத்திரத்திலும் நிரயாவலிகாவிலும், பிற்காலத்துக் கதைநூல்களிலும்தான் கிடைக்கின்றன. ஆகவே இனி வருவனவற்றுக்கு அந்நூல்களையே பெரிதும் துணைக்கொள்கிறேன்.

சிரேணிகனுக்கும் சேலினிக்கும் பிறந்தவன் குணிகன். பௌத்த நூல்கள் அவனை அசாதசத்துரு என்று அழைக்கும். அரசாசை மிகுந்து, பெற்ற தந்தையையே சிறையில் அடைத்தான் அவன். தன் குழந்தைப் பருவத்தில் தந்தை தன்மீது எத்துணை அன்பு கொண்டிருந்தார் என்பதைத் தாயின் வாயால் அறிந்து மனம் கலங்கி, விலங்கை உடைத்து விடுவிக்க எண்ணி, கையில் கோடரியுடன் சிறைக்கு ஓடினான். கோடரியோடு வரும் மகனைக் கண்ட சிரேணிகன், தன்னைக் கொல்லவே வருகிறான் என்று கருதி உயிர் துறந்தான். அத்துயரம் தாளாது குணிகன் இராசகிருகத்தை விட்டுத் தலைநகரைச் சம்பைக்கு மாற்றினான் என்பர். ஒரு தவற்றுக்கு அழுதவன் அடுத்ததைச் செய்ய மாட்டான் என்று நாம் நினைப்போம். குணிகன் வரலாறு அவ்வாறு நடக்கவில்லை.

சிரேணிகன் உயிரோடு இருந்த காலத்தில், சேசனகம் என்னும் யானையும் பதினெட்டு வடம் கொண்ட மாலையும் குணிகனின் உடன்பிறந்தார்க்குக் கொடுக்கப்பட்டிருந்தன. நிரயாவலிகா வேகல்லன் ஒருவனையே சொல்லும். பிற்கால நூல்கள் கல்லன், விகல்லன் என இருவரைச் சொல்லும். அந்த யானை கங்கைத் துறையில் அரசமகளிரைத் தன் துதிக்கையால் தூக்கி நீராட்டி விளையாடியதை நகர மக்கள் கண்டு, அரசின் இன்பத்தை உண்மையில் நுகர்பவன் குணிகன் அல்லன், அவன் தம்பியே என்று பேசலாயினர். அப்பேச்சு குணிகன் மனைவி பதுமாவதியின் செவிக்கு எட்டியது. யானையையும் மாலையையும் கேட்டு வாங்குமாறு அவள் மன்னனை விடாது தூண்டினாள். ஒரு யானைக்காகவா இத்தனை என்று வியப்போர், தம் ஊரில் பங்காளிகள் ஒரு கிணற்றுக்காக எத்தனை ஆண்டு நீதிமன்றம் ஏறினர் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

தம்பி அஞ்சினான். யானை, மாலை, தன் குடும்பம் அனைத்தையும் கொண்டு இரவோடு இரவாக வைசாலிக்குச் சென்று தாய்வழிப் பாட்டனாகிய சேடகரிடம் அடைக்கலம் புகுந்தான்.

குணிகன் தூது விடுத்தான். சேடகர் தந்த மறுமொழி நூலில் தெளிவாக உள்ளது. குணிகனும் தம் பேரன், வந்தவனும் தம் பேரன். இருவரும் சேலினி வயிற்றுப் பிள்ளைகள். அரசில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தால் யானையையும் மாலையையும் திருப்பி அனுப்புவதில் தடையில்லை. இதுவே அவர் நிலை. இரண்டாம் முறை தூது வந்தபோதும் இதையே சொன்னார். மூன்றாம் முறை வந்த தூதன், கட்டளைப்படி, மன்னரின் பாதபீடத்தை இடக்காலால் உதைத்து, வேலின் நுனியில் ஓலையை வைத்து நீட்டினான். சேடகர் அவனைக் கொல்லவில்லை. பின்வாயில் வழியாக வெளியேற்றினார். பின்னர் மல்லகியர் ஒன்பதின்மர், லிச்சவியர் ஒன்பதின்மர் எனக் காசி, கோசல நாடுகளின் கணத்தலைவர் பதினெண்மரையும் அழைத்து ஆலோசித்தார். அடைக்கலம் புகுந்தவனைத் திருப்பி அனுப்புவது தகாது என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர்.

பௌத்த உரைநூல்கள் இப்போருக்கு வேறொரு காரணம் சொல்கின்றன. கங்கைக் கரைத் துறை ஒன்றன் அருகில், மலையடிவாரத்திலிருந்து கிடைத்த விலையுயர்ந்த பொருளை மகதரும் லிச்சவியரும் பங்கிட்டுக்கொள்வதில் எழுந்த பூசல் என்பது அது. கங்கை வாணிகத்தின் மேல் யாருக்கு உரிமை என்பதே உள்ளிருந்த பகை என்று வரலாற்றாசிரியர் கருதுவர். வைசாலியைத் தாக்கவே கங்கையின் தென்கரையில் பாடலி கிராமத்திற்கு மகத அமைச்சர்கள் அரண் எடுப்பித்தனர். அச்சிற்றூரே பின்னாளில் பாடலிபுத்திரம் ஆயிற்று. யானையும் மாலையும் பற்றுக்கோடு, பேராசையே வேர். இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பனவாக எனக்குத் தோன்றவில்லை.

இனிப் போர். குணிகனின் மாற்றாந்தாய் மக்கள் காலன், சுகாலன் முதலிய பதின்மர் அவனுக்குத் துணையாக வந்தனர். 33,000 யானைகள், அதே எண்ணிக்கையில் தேர்கள், குதிரைகள், 33 கோடி காலாட்கள் என்று ஆகமம் கூறும். சேடகர் பக்கத்தில் 57,000 யானைகள், 57 கோடி வீரர்கள். இவை படைக் கணக்கர் ஏட்டில் எழுதிய எண்கள் அல்ல, அழிவின் பருமனை உணர்த்த வந்தவை என்று கொள்வதே முறை.

சேடகர் பன்னிரு விரதம் பூண்ட சாவகர். ஒரு நாளில் ஓர் அம்புக்கு மேல் எய்வதில்லை என்பது அவர் கொண்ட நியமம் எனப் பிற்கால நூல்கள் கூறும். அவ்வோர் அம்பு ஒருபோதும் தவறியதில்லை. பத்து நாளில் குணிகனின் தம்பியர் பதின்மரும் நாளுக்கு ஒருவராய் வீழ்ந்தனர்.

சாவகர் போர்க்களம் புகலாமா என்பதற்கு நம் ஆசாரிய பரம்பரை நெடுங்காலமாக விடை கூறி வந்துள்ளது. கொல்லும் எண்ணத்தோடு வேண்டுமென்றே செய்யும் சங்கற்பி ஹிம்சையை இல்லறத்தான் முற்றும் விடுதல் வேண்டும். சமையல், தொழில் முதலியவற்றில் நேரும் ஆரம்பி, உத்தியோகி ஹிம்சைகளைக் கருத்தோடு குறைத்துக்கொள்ள வேண்டும். தன்னையும் தன்னை அடைந்தோரையும் காப்பதற்காக எதிர்த்து நிற்பதில் நேரும் விரோதி ஹிம்சை அவனால் முழுதும் தவிர்க்க இயலாதது. ஆனால் 'தவிர்க்க இயலாதது' என்பதும் 'வினை ஒட்டாதது' என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். ஆகமம் மறக்கவில்லை.

அதற்குச் சான்றாக ஒரு காட்சி. போர் நடக்கும்போது பகவான் சம்பை நகருக்கு எழுந்தருளியிருந்தார். காலனின் தாய் காளி தேவி அவரைப் பணிந்து, போருக்குச் சென்ற தன் மகனை உயிரோடு காண்பேனா என்று கேட்டாள். சேடகரின் ஓர் அம்பினால் அவன் மாண்டான் என்று பகவான் உரைத்தார். கோடரியால் வெட்டுண்ட சண்பகக் கொடி போல அவள் மண்ணில் சாய்ந்தாள். தெளிந்த பின்னர்க் கௌதம கணதரர், அக்காலன் எங்குப் பிறந்தான் என வினவ, நான்காம் நரகத்தில் என்பதே பகவானின் விடை. காளி முதலிய பத்துத் தாய்மாரும் பின்னர்த் துறவு மேற்கொண்டு கடுந்தவம் இயற்றிய வரலாற்றை மற்றோர் ஆகமம் விரித்துரைக்கிறது. கொன்றவர் பகவானின் உறவினர், சாவகர். கொல்லப்பட்டவனின் தாய் பகவானையே நம்பி வந்து கேட்டவள். எவர் பக்கமும் சாயாது, நடந்ததை நடந்தபடி கூறும் அச்சொல்லைக் கேட்க எத்துணை மனத்திண்மை வேண்டும்!

பதினோராம் நாள் தன் முறை என்று குணிகன் உணர்ந்தான். மூன்று நாள் உண்ணாதிருந்து தேவர்களை நினைத்தான். சக்கரேந்திரனும் சமரேந்திரனும் வந்தனர். சேடகர் சாவகர் ஆதலால் அவரைத் தாக்க மாட்டேன், உன் உடலை மட்டும் காப்பேன் என்று சக்கரன் கூறி, வச்சிரக் கவசமாய் அவன் முன் நின்றான் என்பது கதை. மறுநாள் சேடகரின் அம்பு அக்கவசத்தில் பட்டு வீழ்ந்தது.

வைசாலி வரலாற்றின் நடுக்கண்டம் இதுவே என்பேன். அறம் எப்பக்கம் நின்றதோ அப்பக்கம் தேவர் நிற்பர் என்று எல்லா நாட்டுக் கதைகளும் சொல்லும். இங்கோ, அடைக்கலம் காத்தவருக்கு எதிரே, தந்தையைச் சிறையிட்டவனின் முன்னே, தேவர்கோன் கவசமாய் நிற்கிறான். கௌதமருக்கே இது விளங்கவில்லை. சக்கரனும் சமரனும் குணிகனுக்கு உதவியது ஏன் என்று பகவானிடம் கேட்கிறார். முற்பிறவித் தொடர்பு என்பதே விடையாக வருகிறது. அவ்வளவுதான். தேவரும் வினைக்கும் பழம்பற்றுக்கும் உட்பட்டவரே. அவர்கள் வந்து நிற்பது அறத்திற்கு முத்திரையும் அன்று, வராமலிருப்பது பழியும் அன்று. அம்பு வீழ்ந்த அக்கணத்தில் சேடகரின் கையில் வில் இருந்தது, தூணியில் இன்னும் அம்புகள் இருந்தன, எதிரே பகைவன் நின்றான். இரண்டாவது அம்பை அவர் எடுக்கவில்லை.

எடுத்திருக்கலாமே என்று இன்று படிப்பவர் கேட்கக்கூடும். நகரமே அழியும்போது ஒரு நியமம் பெரிதா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. மக்களைக் காக்கும் கடமை மன்னனுக்கு உண்டு. ஆயினும் தோல்வி நேராதவரை மட்டும் காப்பது என்று வைத்துக்கொண்டால், எந்த விரதமும் ஒரு நாளைக்கு மேல் நில்லாது. இதனைச் சேடகர் அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

அதன்பின் நடந்தவை இரண்டு பெரும் அழிவுகள். முதலாவது மகாசிலாகண்டகம். அதில் வீசப்பட்ட புல்லும் இலையும் சிறுகல்லும்கூடப் பெரும்பாறை விழுந்தாற் போலத் தாக்கின. இரண்டாவது இரதமுசலம். குதிரை இன்றி, பாகன் இன்றி, வீரன் இன்றி, உலக்கை பூட்டிய தேர் ஒன்று தானே ஓடி மக்களை நசுக்கியது. கற்களை எறியும் பொறியும், தண்டு பூட்டிய தேரும் எனப் போர்க்கருவி வரலாறு எழுதுவோர் இவற்றைக் கொள்வர். முதற்போரில் 84 இலட்சம் பேரும், இரண்டாவதில் 96 இலட்சம் பேரும் மாண்டனர் என்று பகவதி சூத்திரத்தின் ஏழாம் சதகம் கூறும்.

அங்கேதான் வருணன் வருகிறான்.

நாகன் பேரனாகிய வருணன் வைசாலியில் வாழ்ந்த சாவகன், செல்வன், இடைவிடாது இரு நாள் உபவாசம் நோற்றுத் தன்னைத் தூய்மை செய்துகொண்டவன். இரதமுசலப் போருக்கு அவன் தானே விரும்பிச் செல்லவில்லை. அரசாணையும் கணத்தாரின் ஆணையும் அவனை அழைத்தன. மறுத்துவிட்டு வீட்டில் இருக்க அவனால் இயலவில்லை. இரு நாள் உபவாசத்தை மூன்று நாளாக நீட்டிக்கொண்டு தேரேறினான். களத்தில் நின்று ஒரு நியமம் மேற்கொண்டான்: தன்னை முதலில் தாக்குபவனை அன்றி வேறெவரையும் தாக்குவதில்லை.

அவனைப் போன்றே வயதும் தோற்றமும் உடைய ஒரு வீரன், அவனைப் போன்றே தேர் ஊர்ந்து எதிரே வந்து, அடி என்று அழைத்தான். தன்னை அடிக்காதவனை முதலில் அடிப்பது தனக்கு வழக்கமன்று, நீயே முதலில் எய்க என்றான் வருணன். எதிரி நாணைக் காது வரை இழுத்து எய்தான். அம்பு ஆழப் பாய்ந்தது. அதன்பின்னரே வருணன் வில் வளைத்தான்; எதிரி ஒரே அடியில் மாண்டான்.

தன் உயிர் தங்காது என்று வருணன் உணர்ந்தான். தேரைத் திருப்பிக் களத்தை விட்டு ஒதுங்கினான். முதலில் குதிரைகளை அவிழ்த்து விட்டான். சாகப் போகிறவனுக்கு அந்த வாயில்லா உயிர்களின் நினைவு வந்தது பாருங்கள். ஆகமம் அதனை விடாமல் சொல்கிறது. பின்னர்த் தருப்பை பரப்பி, கிழக்கு நோக்கி அமர்ந்து, கைகூப்பி அருகரையும், தனக்கு விரதம் தந்த பகவானையும் இருந்த இடத்திலிருந்தே வணங்கினான். முன்பு பருமையாக விட்ட கொலை முதலியவற்றை இப்போது முழுமையாக விட்டான். கவசத்தைக் களைந்தான். அம்பைப் பிடுங்கினான். செய்தவற்றை ஆலோசனை செய்து, சமாதியில் உயிர் நீத்தான். நம் நாட்டில் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து முடித்ததைப் பாறையில் பழைய எழுத்தில் கண்டிருப்பீர்கள். ஆசாரியருக்கு 57 நாள் கிடைத்தது. வருணனுக்குக் கிடைத்தது சில நொடிகளே.

வருணனின் இளமைத் தோழன் ஒருவனும் அக்களத்தில் புண்பட்டான். அவனுக்கு விரதங்களின் பெயர்கூடச் சரிவரத் தெரியாது. நண்பன் ஒதுங்கிச் செல்வதைக் கண்டு, தானும் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பரப்பிய தருப்பையில் அமர்ந்து, 'என் தோழன் வருணனுக்கு என்னென்ன சீலங்கள் உண்டோ அவை எனக்கும் ஆகுக' என்ற கருத்தோடு உயிர் விட்டான்.

வருணன் மாண்ட இடத்தில் தேவர் நறுநீரும் பூவும் பொழிந்தனர். கண்டவர்கள், போரில் இறப்போர் சுவர்க்கம் புகுவர் என்று பேசத் தொடங்கினர். கௌதமர் இதனைப் பகவானிடம் கேட்டார்: மக்கள் சொல்வது மெய்யா? பகவான் அதனை மறுத்தார். இரதமுசலப் போரில் மாண்ட 96 இலட்சம் பேருள் பதினாயிரவர் ஒரு மீனின் வயிற்றில் பிறந்தனர். ஒருவன் தேவலோகம் புகுந்தான். ஒருவன் நற்குடியில் மனிதனாய்ப் பிறந்தான். எஞ்சியோர் பெரும்பாலும் நரகிலும் விலங்குகளிலும் பிறந்தனர். தேவலோகம் சென்றவன் வருணன். மனிதனாய்ப் பிறந்தவன் அத்தோழன். வருணனை உயர்த்தியது போர் அன்று. போரிலிருந்து ஒதுங்கி அவன் அமர்ந்த தருப்பை இருக்கை. இறந்தோரில் இரு தரப்பாரும் இருந்தனர் என்பதையும் கருதுக. வைசாலிக்காக இறந்தவர் என்று எவருக்கும் தனிச் சலுகை சொல்லப்படவில்லை.

களத்தில் தோற்ற சேடகரும் கணத்தலைவரும் நகருக்குள் புகுந்து மதில் கதவுகளை அடைத்தனர். முற்றுகை நீண்டது. சேசனக யானைமேல் கல்லனும் விகல்லனும் இரவில் வெளிப்போந்து பகைப்படையைக் கலக்கினர். குணிகனின் ஆட்கள் யானை வரும் வழியில் குழி தோண்டி, கருங்காலித் தணலிட்டு மூடி வைத்தனர். யானை அதனை உணர்ந்து நின்றுவிட்டது. மேலிருந்தோர், உன்பொருட்டு நாடு துறந்தோம், நீயோ அஞ்சுகிறாய் என்று கடிந்தனர். அது அவ்விருவரையும் முதுகிலிருந்து இறக்கிவிட்டுத் தான் மட்டும் நெருப்பில் பாய்ந்தது. எந்த யானைக்காக இப்போர் மூண்டதோ அந்த யானை இப்படி முடிந்தது. அவ்விருவரும் பகவானிடம் சென்று துறவு பூண்டனர்.

நகரம் ஏன் இன்னும் விழவில்லை? உள்ளே இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரத நாதரின் தூபை ஒன்று இருந்ததாகவும், அதன் காவலே காரணம் எனக் கருதப்பட்டதாகவும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏமசந்திரர் எழுதிய திரிசஷ்டி சலாகா புருஷ சரித்திரம் முதலிய நூல்கள் கூறும். குருவின் சொல்லை மீறிய கூலவாலகன் என்னும் துறவி ஒருவனை மாகதிகை என்ற கணிகையைக் கொண்டு குணிகன் வயப்படுத்தினான். சாவகி வேடத்தில் வந்து, உணவில் மருந்து கலந்து நோயுறச் செய்து, பின் பணிவிடை செய்து அவள் அவனை வீழ்த்தினாள். துறவிக் கோலத்தோடு அவன் நகருக்குள் நுழைந்தான். முற்றுகையால் சோர்ந்த மக்கள் அவனைச் சூழ்ந்து, இத்துன்பம் என்று தீரும் என்று கேட்டனர். இத்தூபை இருக்கும்வரை தீராது, இதனை இடித்தால் பகைவர் விலகுவர் என்றான். மக்கள் இடிக்கத் தொடங்கினர். பேசி வைத்தபடி குணிகனின் படை சிறிது பின்வாங்கியது. வாக்குப் பலித்தது என்று மகிழ்ந்து அடிக்கல் வரை பெயர்த்தெறிந்தனர். படை திரும்பி வந்தது. நகரம் வீழ்ந்தது.

பௌத்த மரபில் இவ்விடத்தில் தூபை இல்லை. மகத அமைச்சன் வச்சகாரன், தன் மன்னனோடு பகைத்தவன் போல நடித்து வைசாலியில் புகலடைந்து, சில ஆண்டுகள் தங்கி, ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் கோள் சொல்லி லிச்சவியரின் ஒற்றுமையைக் குலைத்தான். பகைவர் வந்தபோது முரசம் அறைந்தும் எவரும் கூடவில்லை என்று அது கூறும். இரு கதைகளும் வேறு வேறு வாயிலிருந்து வந்தவை. ஆனால் மகாசிலாகண்டகமும் இரதமுசலமும் பிளக்காத மதிலை உள்ளிருந்தோரின் மனமே திறந்துவிட்டது என்பதில் இரண்டும் ஒன்றே. நற்காட்சிக்கு மாசாகும் மூன்று மூடங்களை அருங்கலச்செப்பு எண்ணிக் காட்டும். அவற்றுள் பாசண்டி மூடம், கோலத்தைக் கண்டு மயங்குவது. வைசாலி மக்கள் தங்கள் நம்பிக்கையைக் கைவிட்டதாக எண்ணித் தூபையை இடிக்கவில்லை. ஒரு துறவியின் சொல்லை நம்பி, பக்தியோடேதான் இடித்தனர். சோதனை நெடுநாள் நீளும்போது மனிதர் இழப்பது நம்பிக்கையை அன்று, யாரை நம்புவது என்னும் தெளிவை. சேடகரின் சோதனையைவிட இது கடினம் என்று எனக்குப் படுகிறது. அவருக்கு எதிரி முன்னால் நின்றான்.

தாத்தனே, நான் என்ன செய்ய வேண்டும் என்று வெற்றி பெற்ற குணிகன் கேட்டனுப்பியதாகவும், சற்றுப் பொறு என்று சொல்லிவிட்டுச் சேடகர் இரும்புப் பாவையைக் கழுத்தில் பூண்டு நீரில் இறங்கியதாகவும், தரணேந்திரன் அவரைத் தாங்கித் தன் இருப்பிடம் கொண்டு சென்றதாகவும், அங்கே அவர் சமாதியில் உயிர் நீத்ததாகவும் கதை முடிகிறது.

குணிகன் தன் சபதப்படி வைசாலியைக் கழுதை ஏர் பூட்டி உழுதான். பகைவர் நகரை இவ்வாறு உழுது இழிவு செய்வது அக்காலத்து வேந்தர் வழக்கம். நம் புறநானூற்றிலும் இச்செய்தி வருகிறது. நாம் ஜினபக்தன் என்று போற்றும் கலிங்க மன்னன் காரவேலனும் பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை ஏரால் உழுததாகத் தன் அத்திகும்பா கல்வெட்டில் குறித்திருக்கிறான். தமிழர் கூட்டணியை முறித்ததையும் அதே கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. இதனை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று.

உழுத நிலத்தில் வைசாலி மீண்டும் எழுந்தது. லிச்சவியர் குலமும் அழியவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்துக் குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தன், தன்னை லிச்சவியர் மகள் வயிற்றுப் பேரன் என்று அலகாபாத்துத் தூண் கல்வெட்டில் பெருமையுடன் பொறித்துக்கொண்டான். ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் அங்குச் சென்றபோது நகரம் பெரிதும் பாழடைந்திருந்தது. பௌத்தப் பள்ளிகள் பலவும் சிதைந்து கிடந்தன. நிர்க்கிரந்தர் மட்டும் அங்கு மிகுதியாக இருந்ததாக அவர் எழுதினார். சேடகரின் அவையில் கூடிய மல்லகியர், லிச்சவியர் என்னும் கணத்தலைவர் பதினெண்மரையே, பகவான் நிர்வாணமுற்ற இரவில் உபவாசம் நோற்று விளக்கேற்றியவர்களாகக் கல்ப சூத்திரம் காட்டுகிறது. நாம் ஆண்டுதோறும் ஏற்றும் நிர்வாண தீபம் அவர்கள் ஏற்றிய விளக்கின் தொடர்ச்சி.

வைசாலி மேட்டுக்குச் சிறிது தொலைவில் வாசுகுண்டம் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஒரு நிலத்தை 'அகல்ய பூமி' என்பர். வடமொழியில் 'ஹல' என்றால் ஏர். ஏர் படாத பூமி என்பது பொருள். பகவான் பிறந்த இடம் என்று மூத்தோர் சொல்லி வைத்ததால், அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் ஏர் பூட்டியதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் சைனர் அல்லர். 1956-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவ்விடத்தில் நினைவுக்கல் நாட்டினார். அதற்கு முன் அங்கே கல்லும் இல்லை, மதிலும் இல்லை. சுற்றிலும் உழுத வயல்கள். நடுவில் அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் உழாமல் விடப்பட்டிருந்தது.